செங்கோடனின் டிரைவர்

“என் வண்டியில ஓட்டிப் பழகிட்டு, எனக்கே போட்டியா லாரி வாங்குவியா?” என்று நாமக்கல் புக்கிங் ஆபீசே அதிரக் கத்தினார், லோடு பிரித்துக் கொடுக்கிற குப்பண்ணன். நேற்றுவரை அவருடைய டிரைவராக இருந்த செங்கோடன், தன் பேரில் வந்த பெர்மிட்டை நீட்டி, முதல் லோடு கேட்டு நின்றான்.

“முதலாளின்னா டிரைவர் வேணும்டா! உன் வண்டியில ஒருத்தனும் ஏறக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். டிரைவரைக் காட்டு, லோடு தர்றேன்.”

“நெசமாத்தானுங்களா?”

“சத்தியம்!” என்று அத்தனை பேர் முன்னாலும் மேசையில் அடித்தார் அந்த மகா புத்திசாலி.

செங்கோடன் தன் லைசென்சை எடுத்து வைத்தான். “டிரைவர் வந்தாச்சுங்க. பதினஞ்சு வருசம் உங்ககிட்டத்தான் ஓட்டினான். தங்கமான பையனுங்க!”

ஆபீசே சிரித்தது. லோடு ஏறியது. மாலை போட்ட புது லாரி, தெருவே திரும்பிப் பார்க்க ஹாரனடித்துக் கிளம்பியது. அவன் நேற்றுவரை ஓட்டிய குப்பண்ணனின் லாரி மட்டும், ஏற்றிய முட்டையோடு, ஓட்ட ஆளில்லாமல் வெயிலில் நின்றது. குப்பண்ணனுக்கோ ஸ்டியரிங் பிடிக்கவே தெரியாது. புழுதிக்குள் ஓடினார்.

“டேய் செங்கோடா... தம்பி செங்கோடா, இதையும் கொஞ்சம் கொண்டுபோய் விட்டுட்டுப் போயேன்பா!”