ஒச்சம்மா காய்ச்சுன தண்ணி

ம் கொட்டிக்கிட்டே கேக்கணும், என்ன?

மழை மறந்துபோன ஒரு ஊர்ல ஒச்சம்மான்னு ஒருத்தி இருந்தா. புருசன் பேரு சீனிச்சாமி, மக பொன்னழகு. மூத்தவன் ஒருத்தன் இருந்தான். குளத்துத் தண்ணியைக் குடிச்சு வாந்திபேதி வந்து செத்துப்போனான். ம்?

அப்புறம் அந்தக் குளமும் வத்திப்போச்சு. அப்போ பார்த்து பொன்னழகுக்கும் அதே பேதி. "ஆத்தா, தண்ணி..."ன்னு துவண்டு கிடக்குறா. வீட்ல இருந்தது கடைசியா அள்ளுன ஒரு குடம் குளத்துத் தண்ணி. ஒச்சம்மா அதைப் பானையில ஊத்தி அடுப்புல ஏத்துனா. பானை கொண்டது போக அடிக்குடத்துல கொஞ்சம் நின்னுச்சு.

சீனிச்சாமி மலையடி ஊத்துக்குக் கிளம்புனான். "கொதிச்சதும் இறக்கி ஆத்து. உங்க ரெண்டு பேருக்கும் காணும்"னான்.

"கொதிச்சா போதுமாங்க? இன்னும் சூடேத்துனாத்தானே நோவு சாகும்?"

"கொதி வந்த தண்ணி அதுக்கு மேல சூடேறாது புள்ள. அப்புறம் நீ வைக்கிற தீயெல்லாம் தண்ணியை ஆவியாக்கவே செலவாயிரும்."

சொல்லிட்டுப் போயிட்டான். தளதளன்னு கொதி வந்துச்சு. ஒச்சம்மாவுக்கு மனசு கேக்கல. செத்த மகன் முகமே முன்னால நிக்குது. விறகைத் தள்ளுனா. தளபுளன்னு சத்தம் கூடுச்சு, சூடு கூடல. அப்புறம் பனைமட்டையைத் திணிச்சா. புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி கூரைக்கு ஏறுச்சு. அப்பவும் அதே சூடுதான். அப்புறம் மகன் செத்த கட்டிலையே உடைச்சுப் போட்டா. படபடன்னு எரிஞ்சுச்சு.

எட்டிப் பார்த்தா, பானையில ஒரு தம்ளர் தண்ணிதான் மிச்சம்! ம்?

அய்யோன்னு இறக்கி, ஆத்தி, சொட்டு விடாம மகளுக்குப் புகட்டுனா. "நீ குடிக்கலையா ஆத்தா?"

"குடிச்சுட்டேன், நீ படு."

வெயில் ஏற ஏற அவளுக்குத் தொண்டை ஒட்டிக்கிச்சு. காய்ச்ச விறகும் இல்ல. தாங்க முடியாம அடிக்குடத்துப் பச்சைத் தண்ணியை மடக் மடக்னு குடிச்சுப்புட்டா.

மறுநா பொழுது சாயத்தான் சீனிச்சாமி ஊத்துத் தண்ணியோட வந்தான். பொன்னழகு எந்திரிச்சு உக்காந்திருந்தா. ஒச்சம்மா வாசப்படியில கிடந்தா.

அவன் வேலி முள்ளைப் பிடுங்கி அடுப்பு மூட்டுனான். தண்ணி தளதளன்னதுமே இறக்கி ஆத்துனான். முதல் தம்ளர் மகளுக்கு. அடுத்த தம்ளரை ஒச்சம்மா வாயில ஊத்துனான்.

உள்ள இறங்கல. கடைவாய் வழியா வழிஞ்சு மண்ணுக்குப் போச்சு.

அவ்வளவுதான்டா தங்கம், இதுக்கு மேல அந்தக் கதையில ஒண்ணுமில்ல. கிட்ட வந்து படு, கண்ணை மூடு.