எதிர்ப்பக்கத்துச் செண்டை

கடலோரத்தில் ஒரு ஊர் இருந்தது. ஊர் ஒன்று, மாதா கோயில் ஒன்று, மைதானம் ஒன்று. கால்பந்து அணி மட்டும் இரண்டு. வடக்குத் தெருக்காரர்கள் நங்கூரம் அணி, தெற்குத் தெருக்காரர்கள் கலங்கரை அணி. மாவட்ட லீக்கில் இரண்டும் முதல் டிவிஷனில் ஆடின.

நங்கூரத்துக்கு ஒரு செண்டை உண்டு. அதை அடிப்பவன் பெலவேந்திரன், படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். கலங்கரைக்கு, கோயில் பேண்டு செட்டிலிருந்து கழித்துவிட்ட பெரிய மேளம் ஒன்று உண்டு. அதை அடிப்பவள் ஸ்டெல்லாமேரி, மீன் விற்கிறவள். மைதானத்தோரம் பூட்டுப் போடும்படி இருந்தது ஒரே கொட்டகை. அதனால் ஆட்டம் இல்லாத நாளில் செண்டையும் மேளமும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். சும்மா இருக்குமா? ஏசிக்கொண்டே இருக்கும்.

"லேய் தொந்தி, போன ஆட்டத்துல நீ போட்ட சத்தத்துக்கு எங்கயோ எருமை செருமுதுன்னு நினைச்சேன்" என்றது செண்டை.

"நீ பேசாத கீச்சான். நீ கத்தின கத்துல உங்க கோலியே காதைப் பொத்திட்டான். அதுலதான் பந்து உள்ள போச்சு" என்றது மேளம்.

இப்படிப் பதினெட்டு வருஷம் ஓடியது.

ஒரு வருஷம் கலங்கரைக்குக் காலம் சரியில்லை. பத்து அணியில் கடைசியாக வருகிற அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கவேண்டும் என்பது லீக் சட்டம். கலங்கரை தன் ஆட்டங்களை எல்லாம் ஆடி முடித்து ஒன்பதாவதாக நின்றது. பத்தாவதாக நின்ற மலையடி அணிக்கு இன்னும் ஓர் ஆட்டம் மிச்சம். அதுவும் நங்கூரத்தோடு. மலையடி ஜெயித்தால் அது ஏறும், கலங்கரை இறங்கும். நங்கூரம் ஜெயித்தாலோ சமன் செய்தாலோ கலங்கரை தப்பும். நங்கூரத்துக்கு அந்த ஆட்டத்தால் வரவும் ஒன்றுமில்லை, போகவும் ஒன்றுமில்லை. அது நடுவில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

புத்தி கோணியது அங்கேதான்.

ஆட்டத்தன்று மத்தியானம் பெலவேந்திரன் கூட்டாளிகளோடு கொட்டகைக்கு வந்தான்.

"மக்கா, இன்னைக்கு நமக்கு அடிக்கண்டாம். மலையடிக்கு அடிப்போம். நம்ம பயக்க தோத்தா தோக்கட்டும். தெக்குத் தெருக்காரன் இறங்கணும், அதுதான் கணக்கு" என்றான்.

மேளம் இதைக் கேட்டது. செண்டையைப் பார்த்து மெதுவாகச் சொன்னது: "கீச்சான், உங்க கோலி ராயப்பன் முதுகுக்குப் பின்னால உன் சத்தம் இருக்குன்னுதான் தைரியமா நிக்கான். அவனுக்கு எதிராவா கத்தப்போற?"

"ஒரு நாள்தானே" என்றது செண்டை. "நீ இறங்குறதைப் பாக்க ஒரு கோல் என்ன, நாலு கோல் வாங்கலாம்."

மேளம் ஏசாமல் சும்மா இருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

மைதானத்தில் எல்லாம் தலைகீழ். வடக்குத் தெரு மலையடிக்குக் கைதட்டியது. தெற்குத் தெரு நங்கூரத்துக்குக் கைதட்டியது. ஸ்டெல்லாமேரி மேளத்தை அடித்துக்கொண்டு, "அந்த..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். நங்கூரம் என்கிற பேர் அவள் வாயில் வரவில்லை. "ஏ நீலச்சட்டை, ஓடுலே" என்று சமாளித்தாள்.

கடைசி ஐந்து நிமிஷம் வரைக்கும் கோல் இல்லை. அப்போது மலையடிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. ராயப்பனுக்குப் பின்னாலிருந்து செண்டை இடி மாதிரி முழங்கியது. தன் ஆட்கள் தனக்குத்தான் அடிக்கிறார்கள் என்று பழக்கத்தில் அவன் ஒரு கணம் நினைத்தான். பிறகு அவர்கள் மலையடி பேரைக் கூவுவதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தான். பந்து அவன் தோளைத் தாண்டி உள்ளே போனது.

அவன் பந்தை எடுக்கவில்லை. பெலவேந்திரனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வடக்குத் தெரு முழுக்க ஆடியது. செண்டையும் சேர்ந்து ஆடியது. கலங்கரை இறங்கியது.

மறு வருஷம் நங்கூரத்துக்கு நல்ல காலம். தொட்டதெல்லாம் வெற்றி. பாதி லீக் முடியும்போதே முதலிடம். ஆனால் செண்டை முழங்குகிறபோதெல்லாம் ராயப்பன் ஒருதரம் திரும்பிப் பார்ப்பான், யாருக்கு அடிக்கிறார்கள் என்று. முன்பெல்லாம் இரண்டு தெருவும் மோதுகிற ஆட்டத்துக்கு ஒரு படகுகூடக் கடலில் இறங்காது, பெண்கள் சந்தையைப் பாதியில் விட்டு வருவார்கள். இப்போது அப்படி ஓர் ஆட்டமே இல்லை. முதலிடத்து அணியைப் பார்க்க முப்பது பேர் வந்தார்கள், அதிலும் பத்துப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நங்கூரம் சனிக்கிழமை ஆடும். இரண்டாம் டிவிஷன் ஆட்டங்கள் ஞாயிற்றுக்கிழமை, மலைப்பக்கத்து மைதானங்களில். மேளம் பஸ்ஸில் போய்ச் செம்மண் பூசிக்கொண்டு திரும்பும்.

ஒரு நாள் செண்டை தானே வாயைத் திறந்தது. "தொந்தி, நாங்கதான் முதலிடம், தெரியுமா?"

"தெரியும்."

"ஒண்ணும் சொல்லமாட்டியா?"

"என்னத்தச் சொல்ல? அங்க எங்களை யாருக்கும் தெரியாது. கோல் வாங்கினாலும் சிரிக்க ஆளில்ல. பதினோரு பேரு சேருறதே பெரும்பாடு. வாற ஞாயித்துக்கிழமை தோட்டத்தார் அணியோட ஆட்டம். அதுலயும் தோத்தா அணியைக் கலைச்சிரலாம்னு பயக்க பேசுறானுக."

"கலைச்சிட்டா?"

"கலைச்சிட்டா இந்தப் பலகை முழுக்க உனக்குத்தான். காலை நீட்டிப் படு."



ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டெல்லாமேரி வந்து மேளத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் பெலவேந்திரன் செண்டைக்குக் கயிறு இறுக்க வந்தான். இறுக்கிவிட்டு ஒரு தட்டு தட்டினான். 'தொப்' என்றது. இன்னும் இறுக்கினான். மறுபடியும் 'தொப்'.

"உனக்கு என்ன கேடு? கயிறு சரியாத்தானே இருக்கு" என்றான்.

"கயிறு சரிதான். பதில் சொல்ல ஆளு இல்ல."

செண்டை சொன்னதா, தன் மனசு சொன்னதா, அவனுக்கே தெரியவில்லை. காலியாய்க் கிடந்த பாதிப் பலகையைப் பார்த்தான். செண்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினான்.

ரப்பர் மரங்களுக்கு நடுவில் மைதானம். அவன் போய்ச் சேரும்போது பாதி ஆட்டம் முடிந்திருந்தது. தோட்டத்தார் ஒரு கோல் முன்னால் இருந்தார்கள். கலங்கரைப் பையன்கள் இடுப்பில் கை வைத்து, வீட்டுக்குப் போகிற நினைப்பில் நின்றார்கள். அவர்கள் பக்கத்தில் பார்க்க வந்தவர்கள் ஸ்டெல்லாமேரியும் வேறு இரண்டு பேரும்தான்.

பெலவேந்திரன் எதிர்ப்பக்கம் போனான். தோட்டத்தார் ஆட்களுக்கு நடுவில் நின்று செண்டைக் குச்சியை ஓங்கினான். செண்டை மரமெல்லாம் அதிரக் கத்தியது.

"லேய் தெக்குத் தெரு, பந்து வட்டமா இருக்கும், யாராவது காட்டிக்குடுங்க அவனுகளுக்கு" என்று கூவினான். "ஏலே ஒம்பதாம் நம்பர், வலையில விழுந்த நண்டுகூட உன்னைவிட நேராப் போகும்."

ஸ்டெல்லாமேரி நிமிர்ந்தாள். "எவன் அது?" கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. சேலை முந்தியை இழுத்துச் செருகினாள்.

"பயக்களா, யாரு வந்திருக்கான்னு பாருங்க. வடக்குத் தெரு பெலவேந்திரன். நம்மளை ஏசுறதுக்கு பஸ்ஸுக்குக் காசு குடுத்து வந்திருக்கான். இவன் கண்ணு முன்னாலயா தோக்கப்போறீங்க?"

சொல்லிவிட்டு மேளத்தில் ஒரு போடு போட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு மேளத்துக்குத் தன் குரல் தனக்கே கேட்டது.

"கீச்சான், நீயா?" என்றது மேளம்.

"பின்ன யாரு? இன்னும் அந்த எருமைச் சத்தம்தானா உனக்கு?" என்றது செண்டை.

"வா, உன் தோல் கிழியுதா என் தோல் கிழியுதான்னு பாப்போம்."

இரண்டும் மைதானத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஏசிக்கொண்டன. நடுவில் ஓடின பையன்களுக்குச் சொந்த ஊர் மைதானத்தில் ஓடுகிற மாதிரி இருந்தது. ஒன்பதாம் நம்பர் பையன் ஒரு கோல் போட்டான். போட்டதும் தோழர்களிடம் ஓடவில்லை, நேராகப் பெலவேந்திரன் முன்னால் போய் நண்டு மாதிரி நடந்து காட்டினான். பத்து நிமிஷத்தில் இன்னொன்றும் போட்டான். கலங்கரை ஜெயித்தது.

ஆட்டம் முடிந்து ஸ்டெல்லாமேரி மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தாள்.

"உங்க அணிதான் உச்சியில இருக்கே. உனக்கு இங்க என்ன வேலை?"

"ஏச ஆளில்லாம நாக்கு வறண்டு போச்சுக்கா."

"அன்னைக்குத் தள்ளிவிட்டது நீதானே."

பெலவேந்திரன் செண்டைக் கயிற்றைத் தடவினான். "நான்தான்" என்றான். "நீங்க மேல ஏறுற வரைக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை விடமாட்டேன். வந்து எதிர்ப்பக்கம் நின்னு அடிப்பேன்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப அடுத்த வாரம் இன்னும் சத்தமா அடிலே. இன்னைக்கு அடிச்சது போதல."