ஆட்காட்டி பனையை விட்டு இறங்கிய கதை

பறவையும் மனுஷரும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், ஆட்காட்டிக் குருவிக்கு வீடு, ஊருக்கு வெளியே பொட்டலில் ஒத்தையாய் நின்ற ஒரு பனைமரத்து உச்சி. நம்பினால் நம்புங்கள். அந்தப் பொட்டலில் அதற்கு ஒரே சிநேகிதன், செம்மறி மேய்க்கும் சடையன். பகலெல்லாம் அவனோடு வம்பளந்தால்தான் அந்த வாயாடிக்குத் தண்ணீர் இறங்கும்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இடி உறுமியது. சடையன் ஆடுகளை ஊர்ப்பக்கம் விரட்டினான். குருவிக்கு மனசு கேட்கவில்லை.

"ஏலே சடையா, நீ ஏன் நனையுதே? என் மரத்தடிக்கு வா!"

"ஊரு கிட்டத்துலதான இருக்கு, ஓடிருதேன்."

"நான் கூப்பிட்டா வரமாட்டியோ?"

சிநேகிதம் கூப்பிட்டால் தட்ட முடியுமா? வந்து பனையில் சாய்ந்து நின்றான். பின்தங்கிய குட்டியொன்றை ஓட்டிவரக் குருவி பறந்தது. அந்நேரம் பளீரென்று மின்னல் இறங்கியது. பனை உச்சி பற்றி எரிந்தது. சடையன் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தான்.

குருவி அலறிக்கொண்டு ஊருக்குப் பறந்தது. ஜனம் ஓடிவந்து, எட்டவே நின்றுவிட்டது.

"தொடாதீங்கப்பா! இடி இன்னும் உடம்புக்குள்ள கெடக்கு. தொட்டவனையும் கொண்டுபோயிரும்."

"அடப்பாவிகளா! அவன் நெஞ்சுமேலயே உக்காந்து பாத்தேன். எனக்கு என்ன ஆச்சு?" குருவி தொண்டை கிழியக் கத்தியது. யார் காதில் ஏறும்?

சடையன் பெண்டாட்டி மூக்கம்மாளை நாலு பேர் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். "பொறக்கும்போதே மூச்சில்லாம விழுந்த ஆட்டுக்குட்டிக்கு ஊதி உசிரு குடுத்தவ நான். என்னை விடுங்கய்யா!" என்று திமிறினாள். கெஞ்சினாள். கடைசியில் பிடித்த கையைக் கடித்து உதறிவிட்டுப் பாய்ந்தாள். அவன் நெஞ்சை அமுக்கி அமுக்கி, வாயோடு வாய் வைத்து ஊதினாள். அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களும் ஓடிவந்து கை கொடுத்தார்கள். ஐயோ, அதற்குள் உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. மழை விட்டும் அவள் ஊதுவதை விடவில்லை.

"கொஞ்சம் முந்தி விட்டிருந்தா எந்திரிச்சிருப்பாரே!" என்று அவள் அழுதபோது ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான்தானே கூப்பிட்டேன்" என்று குருவி ஈரத்தரையில் கிடந்து புரண்டது. பனையை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அன்றைக்கு இறங்கியதுதான். இன்றுவரை ஆட்காட்டி எந்த மரத்திலும் உட்காருவதில்லை, வெறுந்தரையில்தான் முட்டையிடுகிறது. பொட்டலில் மனுஷத் தலை தெரிந்துவிட்டால் போதும், "வராதே, வராதே, வீட்டுக்குப் போ" என்று கதறிக் கதறித் துரத்துகிறது.