ஜாக்கி மேல் நின்ற பிக்கப்

"சாமி, வண்டியை எத்தனை இஞ்ச் தூக்கிக் கட்டட்டும்?"

மடத்து முற்றத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த சாமி நிமிர்ந்து பார்த்தார். சுருளியாண்டியைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் தன் பிக்கப்பில் மலையிலிருந்து பீன்ஸ் மூட்டை இறக்கும் சுருளியாண்டி, அவரைக் கேட்காமல் டயருக்குக் காற்றுகூடப் பிடிப்பதில்லை.

"பட்டறையில என்ன சொல்றாங்கண்ணே?"

"ரெண்டு இஞ்ச்னா கட்டை வச்சு முடிச்சுரலாமாம். நாலுன்னா அடியில வண்டியத் தாங்குற வில்லுப்பட்டை மொத்தமும் மாத்தணுமாம். ஆறுகூடத் தூக்கலாமாம். ஆனா வளைவுல கவுந்தா கேக்கக் கூடாதுங்கறான்."

"எதுக்குத் தூக்கணும்?"

"மலைப்பாதை சாமி. அடியில கல்லு தட்டுது."

"எந்த வளைவுல?"

சுருளியாண்டி யோசித்தான். வருடக்கணக்காக அந்தப் பாதையில் ஓட்டுகிறான். தட்டிய கல் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

கண் மட்டும் முற்றத்தின் மறுபக்கம் போய்விட்டுத் திரும்பியது.

அங்கே அவன் சித்தப்பா மகன் வைரவனின் பிக்கப் நின்றது. திருவிழாச் சமையலுக்கு விறகு கொண்டுவந்திருந்தான். போன மாதம்தான் நாலு இஞ்ச் தூக்கிக் கட்டி, பெரிய டயராகப் போட்டிருந்தான். அன்றிலிருந்து சுருளியாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. ஊரே அந்த வண்டியை அண்ணாந்து பார்த்தது. போதாக்குறைக்குச் சுருளியாண்டியின் பெண்டாட்டி வேறு, "அதுல உக்காந்தா மலை முழுக்கத் தெரியுதுங்க" என்று சொல்லித் தொலைத்தாள். வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கீழூரிலிருந்து உற்சவ அம்மனைச் சாமி தன் மடியில் வைத்து அழைத்து வருவது மடத்து வழக்கம். வருடா வருடம் அது சுருளியாண்டி வண்டியில்தான். இன்றைக்கும் கிளம்ப வேண்டும். அந்தப் பெருமையும் வைரவன் வண்டிக்குப் போய்விட்டால் சுருளியாண்டி ஊரில் தலைகாட்ட முடியாது.

சாமி முறத்தைக் கீழே வைத்தார்.

"ஜாக்கி இருக்கா?"

"இருக்கு."

"ஏத்திப் பாருங்க. மனசுக்குப் போதும்னு தோணுற இடத்துல நிறுத்துங்க. அதுதான் அளவு."

சுருளியாண்டிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தான். பின்பக்கம் வண்டிச் சட்டத்துக்கு அடியில் ஜாக்கியை வைத்துச் சுற்றினான். ஒரு கண் ஜாக்கியில், ஒரு கண் வைரவன் வண்டியில்.

வண்டியின் பின்பெட்டி மெல்ல எழுந்தது. வைரவன் வண்டிக்குச் சமமாக வந்தது.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம் சாமி."

"ஏன்?"

"சரிக்குச் சரியா நின்னா, அவனைப் பாத்து நானும் ஏத்திட்டேன்னு ஊரு பேசும்."

"ஓ."

மறுபடி சுற்றினான். வேர்த்து ஊற்றியது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. அது அவன் கண்ணில் படவே இல்லை. வைரவன் வண்டியைவிட நாலு விரல் கூடுதல் என்பது மட்டும் தெரிந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நெஞ்சு லேசானது.

"இப்பப் போதும் சாமி."

"சரி, கிளம்புவோம். அம்மன் காத்துக்கிட்டிருப்பா."

சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"இந்தா, ஜாக்கியை எடுத்துட்டு வந்துடறேன்."

"எடுத்தா உயரம் போயிருமே?"

சுருளியாண்டி விழித்தான். சாமி விளையாடுகிறாரா, நிஜமாகத்தான் சொல்கிறாரா என்று பிடிபடவில்லை. முன்சக்கரத்துக் கல்லை அகற்றிவிட்டு ஏறினான். கியரைப் போட்டான்.

இன்ஜின் உறுமியது. அந்தரத்தில் தொங்கிய பின்சக்கரம் மட்டும் விர்ரென்று சுற்றியது. வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

சாமி நேராகப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போங்கண்ணே."

"போகலை சாமி."

சத்தம் கேட்டு விறகுக் கொட்டகையிலிருந்து வைரவன் ஓடிவந்தான்.

"என்னண்ணே, பஞ்சரா? சாமி, நேரமாகுதே. என் வண்டிதான் சும்மா நிக்குது, வாங்க."

 எது நடக்கக் கூடாது என்று சுருளியாண்டி நினைத்தானோ அது கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது.

"அண்ணன் சொல்லட்டும்" என்றார் சாமி. "எதுல போகலாம்ணே?"

சுருளியாண்டி இன்ஜினை அணைத்தான். இறங்கிப் பின்னால் போனான். வைரவனும் கூடவே வந்து சக்கரத்தைத் தட்டிப் பார்த்தான்.

"காத்து நல்லாத்தானே இருக்கு? எதுக்கு இம்புட்டு உசரம் ஏத்தினீங்க?"

பஞ்சர் என்றே சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஜாக்கியைக் காட்டினான்.

"உன் வண்டியைப் பாத்துத்தான்டா ஏத்தினேன்."

 வைரவன் சட்டென்று குந்தி உட்கார்ந்து ஜாக்கி சுற்றும் கம்பியைப் பிடித்தான்.

"விடுங்கண்ணே, நான் இறக்குறேன்."

சுருளியாண்டி அவன் கையிலிருந்து கம்பியை வாங்கிக்கொண்டான்.

"வேணாம்டா. நான்தானே ஏத்தினேன்."