மேட்டில் ஆடிய ஊஞ்சல்

ஏற்காட்டில் மலைச் சைக்கிள் கடையொன்றில் வண்டி கழுவுகிறவள் சின்னக்கிளி. சைக்கிள் கிளப் தலைவர் தெய்வசிகாமணி மேட்டுப் பந்தயத்தில் கடைசியாக வந்துவிட்டு, கடைக்காரரிடம் பாய்ந்தார்.

"கழுவுறேன்னு இவ செயினைக் கெடுத்துட்டா. வேலையை விட்டு அனுப்புங்க."

சின்னக்கிளி அவருடைய சைக்கிளைத் தன் பக்கம் இழுத்தாள். குலுக்கலைத் தாங்கும் பின்பக்க ஸ்பிரிங்கின் தண்டு முழுக்க சோப்பு நுரையைத் தடவினாள்.

"இப்ப மேட்டுல மிதிங்க சார்."

பத்து மிதி மிதித்து இறங்கினார். தண்டில் பாதிவரை நுரையே இல்லை.

"உங்க பலத்துல பாதி ஸ்பிரிங்கை அமுக்கவே போயிடுச்சு சார். மேட்டுல அதைப் பூட்டத்தான் இந்தக் குமிழ். நீங்க அதைத் திருப்பாம ஊஞ்சல்ல ஆடியிருக்கீங்க."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இதைக் காலையிலேயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன் சார். 'கழுவுற வேலையை மட்டும் பாரு'ன்னீங்க. அதை மட்டும்தான் பார்த்தேன்."