கொம்பு நிறையாத ராஜா

ஒரு மலைநாட்டுல, ஒலிவ மரத்தை விட்டா வேற சொத்தே இல்லாத ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருக்கு ராஜா கிடையாது. மூப்பர் ஆசேல்தான் ஊர் வாசல்ல உக்காந்து வழக்குத் தீப்பாரு. அங்க எஸ்போன்னு ஒருத்தன். பெரிய தோப்புக்காரன், ஊர்க் கிணத்துக்கே கதவு போட்டுப் பூட்டினவன். அவனுக்கு ராஜா ஆகணும்னு ஆசை வந்துருச்சு.

ராஜா ஆகுறது சும்மாவா? வீட்டுக்கு ஒரு கரண்டி ஒலிவ எண்ணெய் ஊத்தி, ஆட்டுக்கொம்பு நிறையணும். அதைத்தான் தலையில ஊத்துவாங்க. ஒரு வீடு மாட்டேன்னாலும் ராஜா கிடையாது. எல்லாரும் பயந்துபோய்த் தரேன்னுட்டாங்க. நாராள் மட்டும் தரல. கண்ணு தெரியாத புருஷன், ஒத்தை மரம், அவ்வளவுதான் அவளுக்கு. ஆனா வாயி இருந்துச்சு!

எஸ்போன் முதல் தடவை அவ வீட்டுக்கு வந்தான். "தங்கச்சி, அரமனைச் சமையக்கட்டே உனக்குத்தான்"ன்னான்.

"மாட்டேன்."

ரெண்டாவது வந்தான். "உன் வீட்டைச் சுத்தி முள்ளு அடைச்சிருவேன்"ன்னான்.

"அடைச்சுக்கோ. கிணத்துக்குக் கதவு போட்டவன், ராஜாவானா எங்க வாய்க்கும் போடுவ. மாட்டேன்னா மாட்டேன்."

மூணாவது வந்தான். நாராள் எண்ணெய் ஜாடி பக்கத்துல உலக்கையோட உக்காந்திருந்தா. பாத்தான், திரும்பினான், திரும்பினவன் நேரா அவ மரத்துக்குப் போயி, கம்பால அடி அடின்னு அடிச்சு, கொப்புல கிடந்த காயெல்லாம் உதுத்து, செக்குல ஆட்டி எடுத்துக்கிட்டான். திருட்டுப்பய!

மறுநாள் ஊரே வாசல்ல கூடிருச்சு. ஒவ்வொரு வீடா ஊத்தினாங்க. கடைசிக் கரண்டியை எஸ்போனே ஊத்தி, "இது நாராள் மரத்து எண்ணெய். கொம்பு நிறைஞ்சாச்சு!"ன்னு கத்தினான்.

நாராள் ஜாடியைத் தூக்கிக்கிட்டு முன்னால வந்தா. "மூப்பரே, என் எண்ணெய் இந்தா இருக்கு. அவன் ஊத்தினது எப்ப அடிச்ச காயின்னு கேளுங்க."

"நேத்து அடிச்சேன். அதுக்கென்ன?"ன்னான் எஸ்போன்.

கேட்டீங்களா புள்ளைங்களா, அங்கதான் மாட்டினான். அந்த ஊருல மரத்தை ஒருதரம்தான் அடிக்கலாம். அப்புறம் கொப்புல நிக்கிற காயெல்லாம் விதவைக்கும் அனாதைக்கும் பரதேசிக்கும்னு சாமியே போட்ட கட்டளை.

"நான் அடிச்சு முடிச்சுப் பத்து நாளாச்சு. நீ எடுத்தது என் காயி இல்ல, ஏழைங்க காயி"ன்னா நாராள்.

எஸ்போனுக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. "ராஜாவுக்கு என்னடி கட்டளை? எண்ணெய் தலையில விழட்டும், அந்தக் கட்டளையையே எடுத்துப்புடறேன்!"

பயந்து எண்ணெய் ஊத்தினவங்களுக்கெல்லாம் அப்பத்தான் ரோஷம் வந்துச்சு. "எங்க எண்ணெயும் உனக்கு இல்லடா!"ன்னு ஒருத்தன் கத்தினான், அப்புறம் எல்லாரும் கத்தினாங்க. மூப்பர் கொம்பை எடுத்து விதவைங்க சட்டியில கவுத்தாரு.

"எஸ்போனு, மூணு வருஷத்துக்கு உன் தோப்பை ஏழைங்க முதல்ல அடிப்பாங்க. மிச்சம் நிக்கிறது உனக்கு"ன்னு தீர்ப்புச் சொன்னாரு.

அந்த வருஷமே அவன் இடுப்புல பையைக் கட்டிக்கிட்டு, தன் மரத்துலயே ஏறி, இலை இலையா விலக்கித் தேடினான். கீழ ஒரு விதவைக் கிழவி நின்னு, "ராஜா, அந்தக் கொப்புல ஒண்ணு நிக்குது பாரு"ன்னு கை காட்டினாளாம்.

பயமுறுத்திக் கேட்டா யாரா இருந்தாலும் மாட்டேன்னு சொல்லணும், தெரிஞ்சுதா? அவன் பையும் நிறையல, அந்த ஊருக்கு ராஜாவும் வரல, என் கதையும் தீந்துருச்சு.