பனையடிவிளையின் பெரிய வாசல்

பாக்கியத்தம்மாள் முப்பது வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள். பிறகு ஊர் ஊராகப் போய், ஆலயம் இல்லாத சபைகளுக்கு ஆலயம் கட்ட உதவ ஆரம்பித்தாள். கூடவே பன்னிரண்டு வருஷமாக கிறிஸ்துதாஸ், படித்த ஓவர்சியர். அவளைக் குரு என்றுதான் எல்லாரிடமும் சொல்வான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

பனையடிவிளையில் அப்போது இருந்தது ஓர் ஓலைக் கொட்டகை. ஞாயிறு ஆராதனைக்கு மேலத்தெருக்காரர்கள் உள்ளே பாயில் உட்காருவார்கள். கீழத்தெருக்காரர்கள் வெளியே, வெயிலில். ஒரே வேதம், ஒரே பாட்டு. இருந்தும் அப்படித்தான்.

சபை நிலத்தில் புது ஆலயம் கட்டலாம் என்று முடிவானது. மேலத்தெருப் பெரியவர் மாசிலாமணி ஒரு நிபந்தனையோடு வந்தார்.

“கீழத்தெரு ஆளுகளும் உள்ள வரட்டும், வேண்டாங்கல. ஆனா வாசல் தனி. எங்களுக்குக் கிழக்க பெருசா ஒண்ணு. அவங்களுக்குப் பின்னால, அவங்க தெருவப் பாத்து ஒண்ணு. இல்லன்னா எங்க ஆளு ஒருத்தனும் செங்கல் தொடமாட்டான்.”

வேலை நின்றுவிடக் கூடாதே என்று கிறிஸ்துதாஸ் இரண்டு வாசல் வைத்தே படம் வரைந்துவிட்டான். அதை அம்மாளிடம் நீட்டினான். கிழித்துப் போடுவாள் என்றுதான் நினைத்தான்.

“எத்தன வாசல்?”

“ரெண்டும்மா.”

“சரி, கட்டு.”

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அம்மா, நீங்களா இப்படிச் சொல்றீங்க?”

“வரைஞ்சது நீதான?”

மண் சுமந்துகொண்டிருந்த கீழத்தெரு ஏசுவடியான் சட்டியை இறக்கினான். “விடுங்க சார். பின்வாசலாவது வரட்டும். எம் பிள்ளைங்க மழையில நனையாமப் பாட்டுப் படிக்குமில்ல.”

பத்து மாசத்தில் ஆலயம் எழும்பியது. பிரதிஷ்டைக்கு முந்தின நாள் மேலத்தெருக்காரர் வீட்டுக் கல்யாணம். தெருவே இரண்டு வேனில் ஏறி டவுனுக்குப் போய்விட்டது. கிறிஸ்துதாஸும் பேராயரை அழைத்துவரப் போய்விட்டான்.

மறுநாள் காலை பேண்டு செட்டோடு ஊர்வலம் வந்தது. முன்னால் பேராயர், பக்கத்தில் மாசிலாமணி கையில் தாம்பாளம், அதில் ரிப்பனும் கத்தரிக்கோலும்.

கிழக்கே திரும்பியதும் பேண்டு நின்றுபோனது.

பெரிய வாசல் இல்லை. அந்த இடத்தில் சுவர். அடியிலிருந்து உச்சிவரை செங்கல், சாந்து இன்னும் ஈரம். கழற்றிய கதவுகள் ஓரமாகச் சாத்தியிருந்தன.

மாசிலாமணி தாம்பாளத்தோடு சுவரை நெருங்கினார்.

“யாரு... யாரு செஞ்ச வேல இது?”

“நாந்தான்,” என்றாள் பாக்கியத்தம்மாள். முழங்கைவரை சிமெண்டு.

“எங்க வாசல் எங்க?”

“அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கு.”

“அது கீழத்தெரு வழியால்ல போகுது!”

“ஆமா. பத்து மாசமா செங்கல் அந்த வழியாத்தான் வந்துச்சு. உங்க ஆளுகதான் சுமந்தாங்க. ஒருத்தர் காலும் முறியலையே.”

மாசிலாமணிக்கு முகம் கறுத்துவிட்டது. “பேராயரய்யா, நீங்களே கேளுங்க இந்த அநியாயத்த.”

பேராயர் சுவரைப் பார்த்தார். ஈரச் சாந்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அங்கியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழத்தெருவுக்குள் நடக்க ஆரம்பித்தார்.

பேண்டு மாஸ்டர் மெதுவாகக் கேட்டார்: “வாசிக்கவா, வேண்டாமா?”

“வாங்கடா எல்லாரும்!” என்று தாம்பாளத்தை மண்ணில் வீசினார் மாசிலாமணி. மேலத்தெரு மொத்தமும் அவர் பின்னால் வீட்டுக்குத் திரும்பியது.

பின்வாசல் வழியாகக் கீழத்தெரு ஜனங்கள் உள்ளே நுழைந்தார்கள். பேராயர் பீடத்தில் நின்றார். அவருக்கு முன்னால் பாதி ஆலயம் காலி. ஏசுவடியானும் மற்றவர்களும் கடைசிச் சுவரை ஒட்டி, ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் வாங்க என்று பேராயர் கையைக் காட்டியும் ஒருவரும் நகரவில்லை.

கிறிஸ்துதாஸால் அதைப் பார்க்க முடியவில்லை. வெளியே ஓடிவந்தான். பாக்கியத்தம்மாள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா செஞ்சிட்டீங்க? ஆலயத்தக் கட்டிட்டு சபைய உடைச்சிட்டீங்களே! பாதிச் சபை உள்ள இல்லம்மா!”

“நீ இந்த ஊருக்கு வந்து எத்தன ஞாயிறு இருக்கும்?”

“நாப்பது இருக்கும். அதுக்கென்ன இப்ப?”

“நாப்பது ஞாயிறும் எங்க உக்காந்த?”

“கொட்டகையில... உள்ள.”

“அன்னைக்கும் பாதிச் சபை உள்ள இல்ல. ஒருநாளாச்சும் இப்படி எங்கிட்ட ஓடி வந்தியா?”